எரிகாயம் ஆறுவதில் வளர்ச்சிக் காரணிகளின் பங்கு

(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம் – உயிரியற் பகுதிக்கான மேலதிக விளக்கம்)

அறிமுகம்

கொதிக்கும் தேநீர் கையில் சிந்தினால் தோல் சிவந்து எரிகின்றது. சில நாட்களில் அது சுகமாகி அடையாளமின்றி மறைந்துவிடுகின்றது. சற்று ஆழமாக வெந்தால் கொப்புளம் தோன்றுகின்றது. ஆறுவதற்கு இரண்டு அல்லது மூன்று வாரங்கள் எடுக்கின்றது. உடையில் தீப்பற்றி, தோலின் முழுத் தடிப்பும் கருகிவிட்டால் அக்காயம் தானாக மூடிக்கொள்வதில்லை. வேறிடத்தில் இருந்து தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருக்கின்றது.

ஒரே மனிதனின் தோல் மூன்று சந்தர்ப்பங்களில் மூன்று விதமாக நடந்துகொள்வது ஏன்? காயத்தை மூடுமாறு கலங்களுக்குக் கட்டளையிடுவது எது? அக்கட்டளையை நாமே மருந்தாகக் கொடுத்தால் காயம் விரைவாக ஆறுமா? இம்மூன்று வினாக்களுக்கும் இக்கட்டுரையில் விடை காண்போம். கலம், இழையம், புரதம், கலப்பிரிவு, பரம்பரையலகுப் பொறியியல் ஆகிய அலகுகளில் நீங்கள் கற்றவை இங்கு ஒன்றாக இணைவதை அவதானியுங்கள்.

1. தோலின் கட்டமைப்பு – ஒரு மீட்டல்

மனித உடலின் மிகப் பெரிய அங்கங்களுள் ஒன்று தோலாகும். அது இரண்டு பிரதான படைகளைக் கொண்டது.

(அ) மேற்றோல்: இது வெளிப்படையாகும். இதில் குருதிக்கலன்கள் இல்லை. இதன் அடியிலுள்ள கலப்படை தொடர்ந்து இழையுருப்பிரிவு அடைந்து புதிய கலங்களைத் தோற்றுவிக்கின்றது. அக்கலங்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, கெரற்றின் என்னும் புரதத்தால் நிரம்பி, இறந்து, ஈற்றில் உதிர்கின்றன.

(ஆ) உட்டோல்: இதில் குருதி மயிர்க்குழாய்கள், நரம்பு முடிவிடங்கள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்ப்புடைப்புகள் என்பன உள்ளன. தோலுக்கு உறுதியைத் தருவது கொலாசன் என்னும் நார்ப்புரதமாகும். அதனைச் சுரப்பவை நாரரும்பர்க் கலங்கள்.

உட்டோலுக்குக் கீழே கொழுப்பிழையம் காணப்படுகின்றது.

ஒரு முக்கிய விடயத்தை இங்கு மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மயிர்ப்புடைப்புகளும் வியர்வைச் சுரப்பிகளும் உட்டோலில் ஆழமாக அமைந்திருந்தாலும், அவற்றின் சுவர் மேற்றோற் கலங்களின் வகையைச் சேர்ந்த கலங்களால் ஆனது. எனவே மேற்றோல் முழுவதும் அழிந்தாலும், இவை எஞ்சியிருந்தால் அங்கிருந்து புதிய மேற்றோல் வளர முடியும். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இக்கருத்து மீண்டும் வரும்.

2. எரிகாயத்தின் ஆழம்

எரிகாயங்கள் ஆழத்தைக் கொண்டு பின்வருமாறு வகுக்கப்படுகின்றன.

முதலாம் பாகை: மேற்றோல் மாத்திரம் பாதிக்கப்படும். சிவப்பும் வலியும் உண்டு, கொப்புளம் இல்லை. சில நாட்களில் ஆறும்.

இரண்டாம் பாகை: மேற்றோலுடன் உட்டோலின் ஒரு பகுதியும் பாதிக்கப்படும். கொப்புளம் தோன்றும். இது மேலோட்டமானது, ஆழமானது என மேலும் இரு வகைப்படும். மேலோட்டமானது ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ஆறும். ஆழமானது மூன்று வாரங்களோ அதற்கு மேலோ எடுக்கும்.

மூன்றாம் பாகை: உட்டோல் முழுவதும் அழியும். நரம்பு முடிவிடங்களும் அழிவதால் அவ்விடத்தில் வலி உணரப்படாமல் இருக்கலாம். வலியில்லை என்பதால் காயம் சிறியது என எண்ணுவது பெருந்தவறாகும்.

ஒரு காயத்தின் எல்லா இடங்களும் ஒரேயளவு பாதிக்கப்படுவதில்லை. பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஜக்சன் 1953 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி எரிகாயத்தில் மூன்று வலயங்கள் உண்டு. நடுவில் புரதங்கள் திரண்டு கலங்கள் இறந்த வலயம். அதனைச் சூழ்ந்து குருதியோட்டம் தளர்ந்த வலயம். வெளியே குருதியோட்டம் அதிகரித்துச் சிவந்த வலயம். நடு வலயத்தை மீட்க முடியாது. வெளி வலயம் தானாகவே தேறிவிடும். இடை வலயத்திலுள்ள கலங்கள் பிழைப்பதும் இறப்பதும் முதலுதவியிலும் சிகிச்சையிலும் தங்கியுள்ளது. இவ்வலயம் அழிந்தால் முதல் நாளில் இரண்டாம் பாகையாக இருந்த காயம் சில நாட்களில் மூன்றாம் பாகையாக மாறக்கூடும்.

3. காயம் ஆறும் படிமுறைகள்

காயம் ஆறுதல் நான்கு படிமுறைகளில் நிகழ்கின்றது. இவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினாலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தே செல்லும்.

(i) குருதி உறைதல்: குருதிச் சிறுதட்டுகள் ஒன்றுதிரளும். பைபிரினோசன் பைபிரினாக மாறி வலை போன்று அமைந்து குருதிப்பெருக்கை நிறுத்தும்.

(ii) அழற்சி: வெண்குழியங்கள் காயத்தை வந்தடையும். முதலில் வரும் நடுநிலைநாடிகள் பற்றீரியாக்களை விழுங்கும். அடுத்து வரும் பெருந்தின்கலங்கள் இறந்த கலங்களை அகற்றும். காயம் சிவந்து, வீங்கி, சூடாக இருப்பது இப்படிமுறையின் விளைவாகும்.

(iii) பெருக்கம்: நாரரும்பர்க் கலங்கள் பெருகிக் கொலாசனைச் சுரக்கும். புதிய மயிர்க்குழாய்கள் முளைக்கும். இவ்விரண்டும் சேர்ந்து செந்நிறச் சிறுமணிகள் போன்ற புதிய இழையத்தை உருவாக்கும். அதன்மேல் மேற்றோற் கலங்கள் ஓரங்களிலிருந்தும் எஞ்சிய மயிர்ப்புடைப்புகளிலிருந்தும் பரவி மூடும்.

(iv) மீளமைப்பு: ஒழுங்கின்றி அமைந்த கொலாசன் நார்கள் கரைக்கப்பட்டு, ஒழுங்காக அமைக்கப்படும். இது பல மாதங்கள் நீடிக்கும்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. நடுநிலைநாடி எப்போது வர வேண்டும், நாரரும்பர்க் கலம் எப்போது பெருக வேண்டும், மேற்றோற் கலம் எப்போது நகர்வதை நிறுத்த வேண்டும் என்பவற்றை யார் தீர்மானிப்பது? மூளையிலிருந்து கட்டளை எதுவும் வருவதில்லை. கலங்கள் தமக்கிடையே பரிமாறும் இரசாயனச் செய்திகளே இதனை நெறிப்படுத்துகின்றன. அச்செய்திகளுள் முதன்மையானவை வளர்ச்சிக் காரணிகள் ஆகும்.

4. வளர்ச்சிக் காரணி என்றால் என்ன?

ஒரு கலத்தினால் சுரக்கப்பட்டு, பெரும்பாலும் அண்மையிலுள்ள கலங்களில் தொழிற்பட்டு, அவற்றைப் பிரிகையடையவோ, இடம்பெயரவோ, குறித்த பொருளைச் சுரக்கவோ தூண்டும் புரதம் வளர்ச்சிக் காரணி எனப்படும்.

ஓமோனும் செய்தி காவும் பொருளே. ஆயினும் ஓமோன் குருதியினூடாகத் தொலைவிலுள்ள அங்கத்தைச் சென்றடைகின்றது. வளர்ச்சிக் காரணி பெரும்பாலும் சுரக்கப்பட்ட இடத்திற்கு அண்மையிலேயே தொழிற்படுகின்றது. ஓமோனை வானொலி அறிவித்தலுக்கும் வளர்ச்சிக் காரணியை அடுத்த வீட்டாருடன் வேலிக்கு மேலாகப் பேசுவதற்கும் ஒப்பிடலாம்.

அது தொழிற்படும் விதம் பின்வருமாறு:

வளர்ச்சிக் காரணி, கலமென்சவ்விலுள்ள தனக்குரிய வாங்கிப் புரதத்துடன் இணைகின்றது. இது நொதியமும் அதன் கீழ்ப்படையும் பொருந்துவதை ஒத்தது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. இணைந்ததும் வாங்கியின் உட்பகுதி தூண்டப்படுகின்றது. அத்தூண்டல் குழியவுருவிலுள்ள புரதங்கள் வழியே கைமாறிக் கருவை அடைகின்றது. கருவில் குறித்த பரம்பரையலகுகள் தொழிற்படத் தொடங்குகின்றன. டீ.என்.ஏ. இரட்டிப்படைந்து கலம் பிரிகின்றது, அல்லது கொலாசன் போன்ற புரதம் தொகுக்கப்படுகின்றது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு யாதெனில், குறித்த வாங்கியைக் கொண்ட உயிருள்ள கலம் அவ்விடத்தில் இருந்தால் மாத்திரமே வளர்ச்சிக் காரணி பயனளிக்கும். அது கலத்தை உருவாக்கும் பொருளன்று. இருக்கும் கலத்திற்குச் சொல்லப்படும் செய்தி.

5. கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு

இத்தாலியைச் சேர்ந்த ரீற்றா லெவி-மொந்தால்சினி (1909–2012) நரம்புக் கலங்களின் வளர்ச்சியை ஆராய்ந்தவர். முசோலினியின் ஆட்சியில் 1938 இல் யூதருக்கெதிரான சட்டங்கள் கொண்டுவரப்பட்டதால் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் உரிமையை இழந்தார். ஆயினும் வீட்டிலேயே சிறு ஆய்வுகூடம் அமைத்துக் கோழி முளையங்களில் ஆய்வைத் தொடர்ந்தார். போரின் பின்னர் அமெரிக்கா சென்று, 1950 களின் ஆரம்பத்தில் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தார்.

அவருடன் பணியாற்றிய உயிரிரசாயனவியலாளர் ஸ்ரான்லி கோயன் (1922–2020), சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பெற்ற சாற்றைப் புதிதாகப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசிமூலம் செலுத்தினார். எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. வழமையாகப் பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் திறக்கும் கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்தன. பற்களும் முந்தி முளைத்தன. நரம்பு வளர்ச்சிக் காரணியால் இவ்விளைவு ஏற்பட முடியாது. எனவே அச்சாற்றில் வேறொரு பொருள் இருக்க வேண்டும் என அவர் கருதினார். அதனைத் தேடிப் பிரித்தெடுத்து 1962 இல் வெளியிட்டார். அதுவே மேற்றோல் வளர்ச்சிக் காரணி ஆகும். மனிதனில் இது 53 அமினோ அமிலங்களாலான சிறிய புரதமாகும். இவ்விருவருக்கும் 1986 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கவனிக்க: உமிழ்நீரில் வளர்ச்சிக் காரணி இருப்பதால் காயத்தில் எச்சில் தடவலாம் என முடிவு செய்தல் ஆகாது. வாயில் எண்ணற்ற பற்றீரியாக்கள் உள்ளன. எரிகாயத்தில் அவை தொற்றை ஏற்படுத்தும்.

6. காயம் ஆறுதலுடன் தொடர்புடைய பிரதான காரணிகள்

• சிறுதட்டு வளர்ச்சிக் காரணி – குருதிச் சிறுதட்டுகளால் வெளிவிடப்படும். வெண்குழியங்களையும் நாரரும்பர்க் கலங்களையும் காயத்தை நோக்கிக் கவர்ந்திழுக்கும்.

• மேற்றோல் வளர்ச்சிக் காரணி – மேற்றோற் கலங்களைப் பிரிகையடையவும் இடம்பெயரவும் தூண்டும்.

• நாரரும்பர் வளர்ச்சிக் காரணி – நாரரும்பர்க் கலங்களைப் பெருகச் செய்யும். புதிய மயிர்க்குழாய்கள் தோன்றவும் உதவும்.

• குருதிக்கலன் அகவணி வளர்ச்சிக் காரணி – புதிய குருதிக்கலன்கள் முளைப்பதைத் தூண்டும். ஒட்சிசன் குறைந்த இழையங்களில் இது கூடுதலாகச் சுரக்கப்படும்.

• உருமாற்று வளர்ச்சிக் காரணி பீற்றா – கொலாசன் தொகுப்பைத் தூண்டும். அளவு மிஞ்சினால் தடித்த தழும்பு உருவாகக் காரணமாகும்.

7. உடலே சுரக்கும் பொருளை வெளியிலிருந்து கொடுப்பது ஏன்?

சிறிய கத்தி வெட்டில் உடல் சுரக்கும் அளவே போதுமானது. ஆனால் பெரிய எரிகாயத்தில் நிலைமை வேறாகும். குருதியோட்டம் தடைப்படுவதால் வெண்குழியங்களும் சிறுதட்டுகளும் காயத்தை எளிதில் அடைவதில்லை. இறந்த இழையம் பற்றீரியாக்களுக்கு உணவாகின்றது. அழற்சிப் படிமுறை நீண்டுசெல்கின்றது. அப்போது வெண்குழியங்களும் பற்றீரியாக்களும் வெளிவிடும் புரதப்பகுப்பு நொதியங்கள், சுரக்கப்படும் வளர்ச்சிக் காரணிகளையும் சிதைத்துவிடுகின்றன. காரணிகளும் புரதங்களே அல்லவா? இதனால் பெருக்கப் படிமுறை தாமதமடைகின்றது. இத்தாமதத்தைக் குறைப்பதே வளர்ச்சிக் காரணிச் சிகிச்சையின் நோக்கமாகும்.

சிகிச்சைக்குப் போதிய அளவு புரதத்தைச் சுண்டெலிச் சுரப்பிகளிலிருந்து பெறுவது இயலாத காரியம். பரம்பரையலகுப் பொறியியல் இதற்கு வழி திறந்தது. குறித்த காரணிக்குரிய பரம்பரையலகு, ஈ.கோலை என்னும் பற்றீரியாவினுள் அல்லது மதுவத்தினுள் புகுத்தப்படுகின்றது. அந்நுண்ணங்கி பெருகும்போது மனிதப் புரதத்தையும் தொகுக்கின்றது. 1982 இல் சந்தைக்கு வந்த மனித இன்சுலின் தயாரிக்கப்படுவதும் இதே முறையிலாகும்.

இம்மருந்துகள் களிம்பாகவோ தெளிகருவி மூலமோ காயத்தின்மேல் இடப்படுகின்றன. விழுங்கினால் சமிபாட்டு நொதியங்கள் அவற்றை அமினோ அமிலங்களாகப் பகுத்துவிடும். வெப்பத்தினால் புரதம் இயல்பு கெடுமாதலால் பொதுவாகக் குளிரிலேயே வைக்கப்பட வேண்டும்.

8. பரிசோதனைகள் கூறுவது என்ன?

ஒரு மருந்தை இட்டவுடன் காயம் ஆறினால் மருந்தே காரணம் எனக் கூற முடியாது. மருந்தின்றியும் அது ஆறியிருக்கலாம். ஆகவே கட்டுப்பாட்டுப் பரிசோதனை அவசியமாகும்.

பரிசோதனை 1 (அமெரிக்கா, 1989)

எரிகாயத்தில் ஒட்டுவதற்காகத் தோலின் மெல்லிய படையை எடுத்த இடத்திலும் ஒரு காயம் உண்டாகும். இத்தகைய இரு காயங்களைக் கொண்ட 12 நோயாளர்கள் தெரிவு செய்யப்பட்டனர். ஒரு காயத்திற்கு எரிகாயங்களுக்கு வழமையாக இடப்படும் வெள்ளிச் சேர்வைக் களிம்பு மாத்திரம் இடப்பட்டது. மற்றைய காயத்திற்கு அதே களிம்புடன் மேற்றோல் வளர்ச்சிக் காரணியும் சேர்த்து இடப்பட்டது. காரணி இடப்பட்ட காயங்கள் முழுமையாக ஆற எடுத்த காலம் சராசரியாக ஏறத்தாழ 1.5 நாட்களால் குறைந்தது.

இப்பரிசோதனையின் சிறப்பைக் கவனியுங்கள். ஒரே நோயாளரின் இரு காயங்கள் ஒப்பிடப்பட்டமையால் வயது, போசணை, நோய்நிலை ஆகிய மாறிகள் இரண்டிற்கும் ஒன்றாகவே இருந்தன. வேறுபட்டது வளர்ச்சிக் காரணி மாத்திரமே.

பரிசோதனை 2 (சீனா, 1998)

32 வைத்தியசாலைகளில் இரண்டாம் பாகை எரிகாயமுற்ற 600 நோயாளர்கள் எழுமாறாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவிற்கு நாரரும்பர் வளர்ச்சிக் காரணியும், மற்றையதற்கு அக்காரணி இல்லாத போலி மருந்தும் இடப்பட்டன. காயம் ஆற எடுத்த சராசரிக் காலம் வருமாறு:

மேலோட்டமான இரண்டாம் பாகைக் காயம்: காரணியுடன் 9.9 நாட்கள், காரணியின்றி 12.4 நாட்கள்.
ஆழமான இரண்டாம் பாகைக் காயம்: காரணியுடன் 17.0 நாட்கள், காரணியின்றி 21.2 நாட்கள்.

முதலாவதில் 2.5 நாட்களும் இரண்டாவதில் 4.2 நாட்களும் மீதமாகியுள்ளன. வீதமாகக் கணித்தால் இரண்டிலும் ஏறத்தாழ 20% குறைவு கிடைக்கின்றது.

9. நான்கு நாட்களால் என்ன பயன்?

இருபத்தொரு நாட்களில் நான்கு நாட்கள் குறைவதில் பெரிதாக என்ன உண்டு என நீங்கள் கேட்கலாம். இதற்கு எரிகாய வைத்தியர்கள் நன்கறிந்த ஓர் அவதானிப்பு விடையளிக்கின்றது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள் ஆறும் காயங்களில் தடித்த தழும்பு ஏற்படும் வாய்ப்பு குறைவு. மூன்று வாரங்களைத் தாண்டினால் அவ்வாய்ப்பு வெகுவாக அதிகரிக்கின்றது. அழற்சி நீடிக்கும் காலமெல்லாம் கொலாசன் அளவுக்கு மிஞ்சிப் படிவதே இதற்குக் காரணமாகும்.

தடித்த தழும்பு அழகை மாத்திரம் கெடுப்பதில்லை. அது சுருங்கும் தன்மையுடையது. முழங்கையில் ஏற்பட்டால் கையை நீட்ட முடியாது. கழுத்தில் ஏற்பட்டால் தலையை நிமிர்த்த முடியாது. விரல்களில் ஏற்பட்டால் பேனையைப் பிடிக்க முடியாது. வளரும் பிள்ளையின் எலும்பு நீள, தழும்பு அதற்கேற்ப நீளாது. அதனால் மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். அத்துடன், காயம் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று ஏற்பட வாய்ப்பளிக்கும் நாளாகும். எனவே 21.2 நாட்கள் 17.0 நாட்களாகக் குறைவது, காயம் மூன்று வார எல்லைக்கு இப்பால் ஆறுவதற்கு வழி செய்கின்றது.

10. செய்தியைக் கேட்கக் கலம் இல்லாதபோது

மேற்கூறிய இரண்டாவது பரிசோதனையில் மூன்றாம் பாகைக் காயங்கள் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? மூன்றாம் பாகையில் மயிர்ப்புடைப்புகளும் வியர்வைச் சுரப்பிகளும் முற்றாக அழிந்துவிடும். காயத்தின் நடுவில் மேற்றோற் கலம் ஒன்றேனும் எஞ்சியிராது. எவ்வளவு காரணியை இட்டாலும் அதனைப் பெற்றுக்கொள்ள வாங்கி இல்லை. விதை இல்லாத வயலுக்குப் பசளை இடுவதனால் பயிர் முளைக்காது.

இந்நிலையில் காயத்திற்குக் கலங்களையே வழங்க வேண்டும். உடலின் நலமான பகுதியிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவதே வழமையான முறையாகும். ஆனால் நலமான தோலே மிகக் குறைவாக இருந்தால்?

1983 ஆம் ஆண்டு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 5, 6 வயதுச் சகோதரர் இருவருக்கு உடற்பரப்பில் 95 சதவீதத்திற்கு மேல் எரிகாயம் ஏற்பட்டது. பொஸ்ரன் நகரிலுள்ள எரிகாய வைத்தியசாலைக்கு அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு விஞ்ஞானி ஹவார்ட் கிறீன், மேற்றோற் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்க்கும் முறையை 1975 இல் தம் சகாவுடன் உருவாக்கியிருந்தார். 1977 இல், வளர்ப்பூடகத்தில் மேற்றோல் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால் கலங்கள் நீண்டகாலம் பெருகும் எனவும் கண்டிருந்தார். சிறுவர்களின் அக்குளில் எஞ்சியிருந்த தோலிலிருந்து சிறு துண்டுகள் எடுக்கப்பட்டு, அவற்றின் கலங்கள் கண்ணாடிக் கிண்ணங்களில் மெல்லிய தகடுகளாக வளர்க்கப்பட்டன. உடற்பரப்பில் பாதியளவு அத்தகடுகளால் மூடப்பட்டது. சிறுவர் இருவரும் உயிர் பிழைத்தனர். இவ்விபரம் 1984 இல் வெளியிடப்பட்டது.

இங்கும் வளர்ச்சிக் காரணியே பணிபுரிந்தது. அது இடப்பட்ட இடம் காயமன்று. கலங்கள் வளர்ந்த கிண்ணமாகும்.

11. பயன்பாடும் வரையறைகளும்

யப்பானில் 2001 இல் நாரரும்பர் வளர்ச்சிக் காரணி தெளிமருந்தாக அனுமதிக்கப்பட்டது. சீனாவிலும் இத்தகைய மருந்துகள் எரிகாயங்களுக்குப் பயன்படுகின்றன. அமெரிக்காவில் 1997 இல் அனுமதிக்கப்பட்ட சிறுதட்டு வளர்ச்சிக் காரணிக் களிம்பு, நீரிழிவு நோயாளரின் பாதப் புண்களுக்கானதாகும்.

இச்சிகிச்சையின் வரையறைகள் பின்வருமாறு:

(i) விலை அதிகம். குளிரில் வைத்துப் பேணவும் வேண்டும்.

(ii) காயத்தில் தொற்றோ இறந்த இழையமோ இருந்தால் நொதியங்கள் காரணியைச் சிதைத்துவிடும். ஆகவே முதலில் காயம் சுத்திகரிக்கப்பட வேண்டும்.

(iii) கலப்பிரிவைத் தூண்டும் பொருள் புற்றுநோய்க் கலங்களையும் தூண்டுமா என்ற ஐயம் உண்டு. மேற்கூறிய அமெரிக்கக் களிம்பிற்கு 2008 இல் இது குறித்துக் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. மேலதிக ஆய்வுகளின் பின்னர் 2018 இல் அவ்வெச்சரிக்கை நீக்கப்பட்டது. எனினும் புற்றுநோய் உள்ள இடத்தில் இத்தகைய மருந்தை இடுதல் கூடாது.

(iv) பெரிய எரிகாயங்களில் உயிரைக் காப்பவை வேறு: நாளத்தினூடாகத் திரவம் ஏற்றல், தொற்றைத் தடுத்தல், இறந்த தோலைக் காலந்தாழ்த்தாது அகற்றித் தோல் ஒட்டுதல் என்பனவே அவை. வளர்ச்சிக் காரணி இவற்றுக்குத் துணையாகுமேயன்றி மாற்றீடாகாது.

12. நாம் செய்யக்கூடியது

இலங்கையில் மின்சாரம் எட்டாத வீடுகளில் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்குகள் நெடுங்காலம் பாவிக்கப்பட்டன. அவை சரிந்து விழுந்ததால் எரிகாயமுற்றோர் பலர். இவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் சரியாத, குட்டையான, திருகுமூடியுடைய கண்ணாடி விளக்கை வடிவமைத்தார். இதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எந்த மருந்தையும்விடத் தடுத்தலே மேலானது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எரிகாயம் ஏற்பட்டுவிட்டால்:

• ஓடும் குளிர்ந்த நீரில் காயத்தை 20 நிமிடங்கள் பிடிக்கவும். இது இடை வலயக் கலங்களைக் காக்க உதவும்.
• மோதிரம், காப்பு, இறுக்கமான உடை என்பவற்றை வீக்கம் ஏற்படுமுன் கழற்றவும். தோலில் ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்த்தெடுக்க வேண்டாம்.
• பனிக்கட்டி வைக்க வேண்டாம். அது குருதிக்கலன்களைச் சுருக்கி இடை வலயத்திற்கு மேலும் கேடு செய்யும்.
• பற்பசை, எண்ணெய், கோப்பித்தூள், முட்டை வெண்கரு எதையும் பூச வேண்டாம். கொப்புளங்களை உடைக்க வேண்டாம்.
• சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்புப் பகுதிகளில் ஏற்பட்ட காயங்களையும் குழந்தைகளின் காயங்களையும் சிறிதாயினும் வைத்தியரிடம் காட்டவும்.

மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: வளர்ச்சிக் காரணிக்கும் ஓமோனுக்கும் இடையே ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் தருக.
விடை: இரண்டும் கலங்களுக்குச் செய்தி காவும் இரசாயனப் பொருள்கள். ஓமோன் குருதியினூடாகத் தொலைவிலுள்ள அங்கத்தை அடையும். வளர்ச்சிக் காரணி பெரும்பாலும் அண்மையிலுள்ள கலங்களில் தொழிற்படும்.

வினா 2: வளர்ச்சிக் காரணியை வில்லையாக விழுங்கக் கொடுப்பதில்லை. காரணம் கூறுக.
விடை: அது புரதமாதலால் உணவுக்கால்வாயில் புரதப்பகுப்பு நொதியங்களால் சமிபாடடைந்துவிடும்.

வினா 3: ஆழமான இரண்டாம் பாகைக் காயம் ஆறும் சராசரிக் காலம் 21.2 நாட்களிலிருந்து 17.0 நாட்களாகக் குறைந்தது. குறைவின் சதவீதத்தைக் காண்க.
விடை: குறைவு = 21.2 – 17.0 = 4.2 நாட்கள். சதவீதம் = (4.2 ÷ 21.2) × 100 = ஏறத்தாழ 19.8%.

வினா 4: பரிசோதனை 1 இல் ஒரே நோயாளரின் இரு காயங்கள் ஒப்பிடப்பட்டமை ஏன்?
விடை: வயது, போசணை, நோய்நிலை முதலிய மாறிகளை இரண்டிலும் ஒரேயளவாக வைத்திருப்பதற்காக. எனவே விளைவில் காணப்படும் வேறுபாட்டிற்குக் காரணியே காரணம் எனக் கொள்ளலாம்.

வினா 5: மூன்றாம் பாகை எரிகாயத்தில் வளர்ச்சிக் காரணியை மாத்திரம் இட்டுக் காயத்தை மூட முடியாது. விளக்குக.
விடை: உட்டோல் முழுவதும் அழிவதால் மயிர்ப்புடைப்புகளிலும் வியர்வைச் சுரப்பிகளிலுமுள்ள கலங்களும் அழிந்துவிடும். காரணி இணைவதற்குரிய வாங்கியைக் கொண்ட மேற்றோற் கலங்கள் அங்கு இல்லை. எனவே தோல் ஒட்டுதல் மூலம் கலங்கள் வழங்கப்பட வேண்டும்.

நினைவிற் கொள்க

வளர்ச்சிக் காரணி ஒரு புரதம்; கலத்திற்குச் செய்தி சொல்வது. கலம் இருந்தால் ஆறுதலை விரைவுபடுத்தும். கலம் இல்லாவிடின் பயனற்றது. இரண்டாம் பாகைக் காயத்தில் சில நாட்களை மீதப்படுத்துவதன் மூலம் தடித்த தழும்பு ஏற்படும் வாய்ப்பைக் குறைக்க உதவும். எரிகாயத்திற்கு முதல் மருந்து ஓடும் குளிர்ந்த நீரே.